ஒரு நாற்காலி குறைந்த ஊராட்சி

கொழிஞ்சியேந்தலில் ஊராட்சிக் கூட்டம் கூடினால் ஒரு நாற்காலி குறையும். எப்போது கூடினாலும் குறையும். துணைத் தலைவர் தனுக்கோடியின் பந்தல் சாமான் கடையிலிருந்து மினி வேனில் நாற்காலிகள் வரும், ஈரத்துணியால் துடைத்து வட்டமாகப் போடுவார்கள், உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள், செயலர் நாகசுந்தரம் உட்காருவான், கூட்டத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத தனுக்கோடியின் மச்சினனும் காலை நீட்டி உட்காருவான், எல்லாரும் உட்கார்ந்து முடித்த பிறகு பார்த்தால் தலைவர் பஞ்சவர்ணத்துக்கு மட்டும் நாற்காலி இருக்காது.

யாரும் அவளை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகச் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் பதறித்தான் போவார்கள். "எண்ணித்தானப்பா ஏத்துனேன்" என்று தனுக்கோடி தலையில் கை வைப்பான். "வழியில எங்கிட்டாச்சும் விழுந்துருக்கும் மச்சான்" என்பான் மச்சினன். "தலைவரம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது, அடுத்த கூட்டத்துக்குக் கண்டிப்பா" என்பான் நாகசுந்தரம். பிறகு தனுக்கோடியே எழுந்துபோய், மூலையில் சுருட்டி வைத்திருக்கும் கோரைப்பாயைத் தன் கையாலேயே உதறி விரித்து, "உக்காருங்க தாயி, யாரு வேணாம்னா, இது நம்ம ஆபீசு" என்பான். அந்தப் பாயில் உட்கார்ந்தால் அவள் கண்ணுக்கு நேரே வட்டமாக முழங்கால்கள் தெரியும். அந்த முழங்கால்களைப் பார்த்துத்தான் பஞ்சவர்ணம் தலைமை தாங்கினாள்.

சுழற்சியில் அந்த முறை தலைவர் பதவி காலனிப் பெண்களுக்கு வந்திருந்தது. ஊர்த்தெருக்காரர்கள் கூடி உட்கார்ந்து, காலனியில் யார் அதிகம் பேசாதவள், யார் கடலைக்காட்டில் களையெடுக்கும்போது வரப்பில் போகிறவனை நிமிர்ந்து பார்க்காதவள் என்று அலசிப் பார்த்து, பஞ்சவர்ணம் நின்றால் நமக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை என்று முடிவு செய்தார்கள். அவள் காலனியில் வீடு வீடாகப் போய், குனிந்த தலையோடேயே, ஒரே ஒரு வாக்கைக் கொடுத்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. "வால்வைத் திருப்பித் தாரேன்" என்பதுதான் அந்த வாக்கு.

வால்வு என்றால் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் நிற்கிற மேல்நிலைத் தொட்டியின் வால்வு. தண்ணீர் முதலில் ஊர்த்தெருவுக்குப் போகும். அங்கே அண்டா நிறைந்து, மாட்டுத்தொட்டி நிறைந்து, தென்னம்பாத்தி நிறைந்து, தனுக்கோடியின் கொட்டகையில் கல்யாணச் சமையல் தேக்சாக்கள் எல்லாம் பளபளவென்று கழுவி முடிந்த பிறகு வால்வைக் காலனிப் பக்கம் திருப்புவார்கள். அப்போது காலனிக் குழாய் ஒரு பெருமூச்சு விடும், இரண்டு குடம் சொட்டும், மறுபடி பெருமூச்சு விடும். பிள்ளைகள் குடத்தோடு நின்று நின்று பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதையே கேட்டதில்லை. பஞ்சவர்ணம் கேட்டது தொட்டியை அல்ல, தனிக் குழாயை அல்ல, ஒரு நாள் ஊருக்கு முதல் தண்ணீர், ஒரு நாள் காலனிக்கு முதல் தண்ணீர், அவ்வளவுதான்.

கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டாள். "ரொம்ப நல்ல யோசனை தாயி" என்பான் தனுக்கோடி. "நல்ல யோசனையை நிதானமாத்தான் செய்யணும்." நாகசுந்தரம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதுவான். ஒத்திவைத்த பொருள் அடுத்த கூட்டத்தின் வரிசையில் கடைசியாகத் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்தும் ஒத்திவைக்கப்படும். ஒருமுறை அவள் குரல் லேசாக உயர்ந்துவிட்டது. உடனே வட்டத்து முழங்கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "கோவப்படாமச் சொல்லுங்க தாயி" என்றான் தனுக்கோடி, தங்கச்சியிடம் சொல்வது மாதிரி. "நாங்க யாராவது உங்கள ஒரு சொல்லு சொல்லியிருக்கமா? சபைன்னா ஒரு நாகரிகம் வேணும்ல."

ஆடி மாதக் கூட்டத்தில்தான் அது நடந்தது. அன்றைக்கும் நாற்காலி ஒன்று குறைந்தது, அன்றைக்கும் எல்லாரும் பதறினார்கள், அன்றைக்கும் தனுக்கோடி பாயை எடுக்க எழுந்தான். காலையிலிருந்து காட்டில் குனிந்து நின்ற இடுப்பு அவளுக்கு விண்டு போயிருந்தது, அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கொதித்து மேலே வந்து நெஞ்சில் நின்றது, அது வாய்க்கு வந்தால் நாகரிகம் போய்விடும் என்பதால் அதை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, பாய் விரியும் வரை காத்திருக்காமல், நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள். கீழே ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள். முதுகு சாய்ந்தது, தொடை படிந்தது, கைகள் இரண்டும் இல்லாத கைப்பிடிகளில் இருந்தன, சேலைக்கொசுவம் தரைக்கு மேலே தொங்கியது. "பொருள் ஒண்ணு படிங்க" என்றாள்.

நாகசுந்தரம் படித்தான். என்ன செய்வான், கூட்டம் தொடங்கியாகிவிட்டதே. பொருள் ஒன்று தெருவிளக்கு பற்றியது. அதைப் பேசினார்கள், இரண்டு பேர் கருத்துச் சொன்னார்கள், மச்சினன் மட்டும் பேனா விழுந்துவிட்டது மாதிரி குனிந்து அவளுக்குக் கீழே கையை விட்டுத் துழாவிப் பார்த்தான். "அங்க ஒண்ணும் இல்ல தம்பி, நல்லாத் தேடுங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

மறுநாள் டீக்கடையில் இதுதான் பேச்சு. காற்றில் ஒருத்தி உட்கார முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தாகிவிட்டது, பிறகு என்ன கேள்வி. "உக்காந்ததுல தப்பே இல்லப்பா, கேட்டுட்டு உக்காந்திருக்கலாம்ல" என்றார் ஒருவர். "நாமதான் பாய் விரிச்சுக் குடுக்கோம்ல, அந்த மரியாதையத் தட்டிவிட்ட மாதிரி ஆயிப்போச்சு" என்றார் இன்னொருவர். நீளமாக யோசித்த ஒருவர் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார். அவள் உட்கார்ந்த உயரம் தனுக்கோடியின் நாற்காலியைவிட ஒரு விரல்கடை கூட. அடுத்த கூட்டத்தில் நாற்காலிக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் அதில் ஏறி, கால் தரைக்கு எட்டாமல், தேர்ப்பொம்மைகள் மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் அதற்கும் ஒரு விரல்கடை மேலே உட்கார்ந்தாள்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவளுக்குக் கீழே குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், தலைவர் எதில் உட்கார வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை, எதில் உட்காரக் கூடாது என்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். காலனியில் வாரக்கணக்கில் எல்லாரும் காற்றில் உட்காரப் பழகிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பொத்துப்பொத்தென்று விழுந்தன. பஞ்சவர்ணத்தின் பக்கத்து வீட்டுச் சோலையம்மா, அவளோடு களையெடுக்கப் போகிறவள், வாய்க்கு வேலி இல்லாதவள், வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏத்தா, அந்தக் காத்துல எனக்கும் ஒரு எடம் போட்டுக் குடேன். முட்டி விட்டுப்போச்சு."

"கோவம் இருந்தா வா, உக்காரு" என்றாள் பஞ்சவர்ணம்.

"எனக்கென்ன கோவமா இல்ல? என் மருமக மேல இருக்க கோவத்துக்கு நான் கோபுரத்து மேல உக்காரணும்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பஞ்சவர்ணம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன்னைத் தாங்கி நிற்பது அந்தக் கோபம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐப்பசிக் கூட்டத்தில் தனுக்கோடி அவளிடம், "மகளுக்கு மஞ்சக்காமாலைன்னு கேள்விப்பட்டேன் தாயி, நம்ம கார எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, தயங்காதீங்க" என்றான். உண்மையான பரிவோடுதான் சொன்னான், கண்கூடக் கலங்கியது மாதிரி இருந்தது. மகளின் மஞ்சள் பூத்த கண்கள் நினைவுக்கு வர, அவள் நெஞ்சு இளகியது. இளகிய அந்த நிமிஷத்தில் பஞ்சவர்ணம் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டாள். கூட்டத்தில் எல்லாரும் அதைக் கண்டார்கள். அன்றைக்குத் தண்ணீர்ப் பொருள் வந்தபோது அவளுக்குக் கேட்கவே வாய் வரவில்லை. கார் கொடுக்கிறேன் என்றவனிடம் போய் எப்படி? வீட்டுக்குப் போன பிறகுதான், குழாயில் கிடைக்காமல் கலங்கல் தண்ணீர் குடித்துக் காமாலை வந்த பிள்ளைக்குக் கார் கொடுக்கிறவன் தண்ணீரைக் கொடுத்திருக்கலாமே என்று உறைத்தது. அன்று அவள் அடுப்படியில் ஓர் அடி உயரத்தில் உட்கார்ந்து சோறு பொங்கினாள்.

ஊரும் அன்றைக்கு ஒரு வழியைக் கண்டுகொண்டது. அன்பாக இருந்தால் அவள் இறங்குகிறாள். பிறகு பார்க்க வேண்டுமே அன்பை. வழியில் கண்டால் வணக்கம், கடையில் கண்டால் நலம் விசாரிப்பு, முருங்கைக்காய் ஒரு கட்டு, வெள்ளைப் பூசணி ஒன்று. இத்தனைக்கும் நடுவில் வால்வு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அவள் பூசணிக்காயைச் சோலையம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் காலனிக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்று, அது விடுகிற பெருமூச்சைக் கேட்டுவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் நகரத்திலிருந்து பண்பாட்டு உரையாடல் மன்றம் வந்தது. மக்களாட்சியில் மனிதர்கள் ஒருவரோடொருவர் இதமாகப் பேசப் பழக வேண்டும், கருத்து வேறுபாட்டைக்கூடப் பூப்போல எடுத்து வைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தருகிற மன்றம் அது. அதன் பொறுப்பாளர் சுபாஷிணி மேடம். பருத்திச் சேலை, பெரிய பொட்டு, எதிரில் இருப்பவர் பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்கிற பழக்கம். கொழிஞ்சியேந்தலில் எல்லாரும் எல்லாருக்கும் வணக்கம் வைப்பதைப் பார்த்து அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. இணக்கமான ஊராட்சி என்று ஒரு விருது உண்டு, அதை இந்த ஊருக்கே கொடுக்கலாம், ஒரேயொரு குறை, தலைவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று வேண்டும், அதுவும் உண்மையான கிராமசபைக் கூட்டத்தில், அதிகாரி முன்னிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றார்.

அந்தக் கிராமசபை அன்றைக்குத்தான் முதன்முறையாக நாற்காலி குறையவில்லை. தனுக்கோடி கடையிலிருந்து மணமகன் நாற்காலியே வந்தது, சிவப்பு வெல்வெட்டும் தங்கநிறச் சிங்கத் தலைகளும் வைத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். முறைப்படி தண்டோரா போட்டு, நோட்டீஸ் ஒட்டி, கிராமசபை கூடியது. ஊர்த்தெரு முன்னால் நாற்காலிகளில், காலனி பின்னால் நின்றபடி. விருந்துக்குத் தேக்சாக்களில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. ஒன்றியத்து அதிகாரி சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் கறி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு மேடை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

பஞ்சவர்ணம் வழக்கம் போலக் காற்றில் உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கி வைத்தாள். மச்சினன் அந்தச் சிங்கத் தலை நாற்காலியை மெதுவாக நகர்த்தி அவளுக்குக் கீழே செருகினான். வெல்வெட்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு குருவி பறந்து போகலாம், அவ்வளவு இடைவெளி.

சுபாஷிணி மேடம் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை மெத்தென்று இருந்தது.

"எனக்கு உங்க வலி புரியுதும்மா. ஆனா கோபம் யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. கொஞ்சம் தளர்ந்து பாருங்க. இவங்க எல்லாரும் உங்க மனுஷங்கதானே? பாருங்க, எவ்வளவு ஆசையா நாற்காலி போட்டிருக்காங்க."

தனுக்கோடி எதிரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "தெரியாம ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா மனசுல வச்சுக்காதீங்க தாயி." தோளில் சால்வை விழுந்தது. கைதட்டினார்கள். இத்தனை மாதமும் நெஞ்சில் ஒன்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இறக்கி வைத்தால்தான் என்ன என்று இருந்தது. இறங்கினாள். வெல்வெட்டு சேலையைத் தொட்டது. கேமரா மின்னியது.

அப்போது பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சளசளவென்று தண்ணீர் சத்தம். தேக்சா மூடிகளைக் கழுவுவதற்காக ரப்பர் குழாயைத் திறந்து விட்டிருந்தார்கள். கழுவுகிறவன் தம் போட்ட பிரியாணியைப் பார்க்கப் போய்விட்டான் போலிருக்கிறது, குழாய் தன் பாட்டுக்கு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுது. காலனிக் குழாயில் அன்றைக்கு இரண்டு குடம்கூட வரவில்லை. கூட்டத்தின் பின்வரிசையில் அவள் மகள், இன்னும் முழுக்க வெளுக்காத கண்களோடு, அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சவர்ணம் கையை உருவிக்கொண்டாள். வெல்வெட்டை விட்டு மேலே வந்தாள், ஒரு விரல்கடை, ஒரு சாண், ஒரு முழம். சால்வை நழுவி நாற்காலியில் விழுந்தது.

"அடுத்த பொருள் படிங்க" என்றாள்.

"இன்னைக்கு என்னத்துக்குத் தாயி அதெல்லாம்? நல்ல நாளு" என்று தனுக்கோடி சிரித்தான். படம் எடுத்தாகிவிட்டது, அவனுக்கு அது போதும். மைக்கைக் கையில் வாங்கி, "மொதப் பந்தி போட்டாச்சு, ஊர்ச் சனமெல்லாம் எந்திரிங்க" என்றான். பிறகு பின்வரிசையைப் பார்த்து, குரலில் தேன் தடவி, "காலனிச் சனங்க அவசரப்பட வேண்டாம், இருந்து அடுத்த பந்தியில நிதானமாச் சாப்பிடலாம்" என்றான். எப்போதும் சொல்வதுதான். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் முதல் பந்தி ஊருக்கு.

ஊர் மொத்தமும் எழுந்து போனது. உறுப்பினர்கள் போனார்கள், மச்சினன் ஓடினான், விருந்தாளிகளைத் தனுக்கோடியே கைத்தாங்கலாக அழைத்துப் போனான். பந்தலில் காலியான நாற்காலிகளும், அவற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த காலனியும், கறி வாசனைக்குப் பயந்து நகராமல் இருந்த அதிகாரியும், தலைவர் கூட்டத்தை முடிக்காததால் எழுந்து போக முடியாத நாகசுந்தரமும்தான் மிச்சம்.

பஞ்சவர்ணம் சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. வயிறு எரிந்தது. தலைமுறை தலைமுறையாக மிச்சத்துக்குக் காத்து நின்ற சனம், இன்றைக்கும் காத்துத்தான் நிற்கிறது, அப்படி நிற்பதால்தான் இன்றைக்குச் சபை அதனுடையதாக இருக்கிறது.

"சார், கூட்டம் நடக்குதுல்ல?" என்று அதிகாரியைக் கேட்டாள்.

"நீங்க முடிக்கிற வரைக்கும் நடக்குதும்மா."

"நாகசுந்தரம், படிங்க."

"தலைவரம்மா, அவங்க எல்லாரும் சாப்பிட்டுட்டு வந்துரட்டும்…"

"அவங்களப் போகச் சொன்னது நானா? படிங்க."

வரிசையில் கடைசியாக, ஒத்திவைத்து ஒத்திவைத்து வந்த பொருள் அங்கே இருந்தது. நாகசுந்தரம் படித்தான். ஒரு நாள் ஊருக்கு முதல் தண்ணீர், ஒரு நாள் காலனிக்கு முதல் தண்ணீர். "சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றாள் பஞ்சவர்ணம். சோலையம்மா இரண்டு கையையும் தூக்கினாள். "ஒரு கை போதும்" என்றான் நாகசுந்தரம். "இன்னொண்ணு செத்துப்போன என் புருசனுக்கு, அந்த மனுசனும் தண்ணிக்குத்தான் செத்தான்" என்றாள் அவள். பின்வரிசை முழுக்கக் கைகளாக நின்றது. மறுக்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை. அதிகாரி தலையாட்டினார், நாகசுந்தரம் தீர்மானப் புத்தகத்தில் எழுதினான், காலனி வரிசையாக வந்து அதில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தனுக்கோடி இலையிலிருந்து எழுந்து ஓடி வந்தான். "நான் எதுக்குறேன்!" என்று தூக்கிய வலது கையில் மசாலா வடிந்து முழங்கை வரை வழிந்தது. சோற்றுப் பருக்கை ஒன்று அவன் மோதிரத்தில் ஒட்டியிருந்தது.

"கூட்டம் முடிஞ்சது" என்றாள் பஞ்சவர்ணம்.

"ஏய்!" என்றான் அவன். தாயி போய்விட்டது. "என்னடி, ஊரு சோத்துல கை வச்சிருக்க நேரமாப் பாத்துத் திருட்டுத்தனமா…" பிறகு அவன் சொன்னவை எல்லாம் இத்தனை மாதமும் வணக்கத்துக்கு உள்ளே மடித்து வைத்திருந்தவை. நான் அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. காலனி அவற்றை ஏற்கெனவே கேட்டிருக்கிறது.

கையைக் கழுவாமல் பின்னாலேயே வந்திருந்த சுபாஷிணி மேடத்தின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அவர் பஞ்சவர்ணத்திடம்தான் பேசினார். "இதைக் கொஞ்சம் இதமா, எல்லாரையும் சேர்த்துக்கிட்டுச் செஞ்சிருக்கலாமேம்மா. இப்பப் பாருங்க, எல்லார் மனசும் காயப்பட்டுப் போச்சு."

பஞ்சவர்ணம் காற்றிலிருந்து எழுந்து நின்றாள். "மேடம், இவரு என்னைய என்ன சொன்னாருன்னு உங்களுக்குக் கேட்டுச்சா?"

மேடம் தலையைச் சாய்த்தார்.

"கேட்டுச்சுல்ல? அப்ப அவருக்கிட்டப் போயிச் சொல்லுங்க, இதமா."

அவள் நடந்தாள். காலனி அவள் பின்னால் நடந்தது. பந்தலின் மறுபக்கத்தில் இரண்டாம் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள், வாளியோடு நின்ற பையன்கள் வாங்க வாங்க என்று கூப்பிட்டார்கள், பிரியாணியின் ஆவி மூஞ்சியில் அடித்தது. பிள்ளைகள்கூடத் திரும்பவில்லை என்று சொன்னால் அது பொய், பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் போனார்கள்.

தொட்டியடியில் வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, காலனிப் பக்கம் முழுசாக அது ஒரு நாளும் திரும்பியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சோலையம்மாவின் மகனும் இன்னும் நான்கைந்து பேரும் சேர்ந்து, கடப்பாரையைக் கொடுத்து நெம்பித் திருப்பினார்கள். குழாய் இருமியது. மண்ணும் துருவுமாகச் சிவப்பாக வந்தது, பிறகு வெளுத்தது.

எல்லாரும் குடத்தை எடுக்க ஓடினார்கள். பஞ்சவர்ணம் ஓடவில்லை. தீர்மானம் எழுதியாகிவிட்டது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அதிகாரி தலையாட்டியாகிவிட்டது, எல்லாம் சரிதான். ஆனால் இருட்டினதும் யார் வந்து வால்வைத் திருப்பி மூடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நாளைக் காலையில் எவ்வளவு பதறுவார்கள், யார் மூடியிருப்பார்கள் என்று எவ்வளவு ஆச்சரியப்படுவார்கள் என்பதும் தெரியும்.

அவள் வால்வுக்குப் பக்கத்தில், வெயிலில், உட்கார்ந்தாள். தரையிலிருந்து ஒரு முழம் மேலே.

ஊராட்சி வேலைகள் எல்லாம் இப்போது அங்கேதான் நடக்கின்றன. சான்றிதழுக்குக் கையெழுத்து வேண்டுகிறவர்கள் தொட்டியடிக்குத்தான் போகிறார்கள். அவள் தூங்கும் நேரத்தில் சோலையம்மா காவலுக்கு நிற்கிறாள், அவளும் தரையைவிட்டு ஒரு விரல்கடை எழும்பியிருக்கிறாள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வழியாகப் போகிற ஊர்த்தெருக்காரர்கள் பைக்கை நிறுத்தி, "வணக்கம் தலைவரம்மா, எறங்கி வந்து நெழல்ல உக்காரலாம்ல" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்கிறார்கள். அவள் பதிலுக்குக் கும்பிடுகிறாள், கும்பிட்ட கையை இறக்கி மறுபடி வால்வின் மேலேயே வைத்துக்கொள்கிறாள்.